தாம்பரத்துத் துளி கடலுக்குப் போகும் வழி

மழை ஓய்ந்த மார்கழியில் தொடங்கி மாசி பிறக்கும்வரை, தென்சென்னைப் புறநகரில் தண்ணீரின் தடத்தைக் காலாலும் மின்சார ரயிலாலும் மாநகரப் பேருந்தாலும் பின்தொடர்ந்த ஒரு பயணம்.

தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில், மார்கழி மாதத்து அதிகாலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கிழக்கே வேளச்சேரி சாலையின் விளக்குகள் பனியில் மங்கித் தெரியும். மேற்கே முடிச்சூர் சாலையில் டீக்கடை பாய்லரிலிருந்து ஆவி எழும். கீழே கடற்கரை போகும் ரயில் நிற்கும். பூக்கூடையோடு ஓர் அம்மா, முதல் ஷிப்டுக்குப் போகும் இளைஞர்கள், மயிலாப்பூர்ப் பஜனைக்கும் தி.நகர்க் கச்சேரிக்கும் கிளம்பிய பெரியவர்கள் என்று அந்த நேரத்திலேயே பாலம் நிறைந்துவிடும்.

அந்தப் பாலத்தைத் தினமும் கடப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாலத்துக்கு மேற்கே விழும் மழைத்துளி ஒரு வழியாகவும், கிழக்கே விழும் துளி வேறொரு வழியாகவும் கடலுக்குப் போகின்றன. மேற்குத் துளி அடையாற்றில் சேர்ந்து, பெசன்ட் நகருக்கு அருகே உடைந்த பாலத்தைத் தாண்டிக் கடலில் கலக்கிறது. கிழக்குத் துளி ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயைப் பிடித்துக் கோவளத்தில் கடலைத் தொடுகிறது. ஒரே ஊரில், ஒரே மழையில் பிறந்த இரண்டு துளிகள். அவை கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே இருபது கிலோமீட்டருக்கும் மேல்.

பல வருடம் இங்கே குடியிருந்தும் இது எனக்குத் தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளம் வந்தபோதுதான் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்டதற்கு விடை தேட ஒரு குளிர்காலம் முழுவதையும் ஒதுக்கினேன். சொந்த வண்டி கிடையாது. ரயில், பஸ், ஷேர் ஆட்டோ, மிச்சம் நடை. இரண்டு துளிகளையும் அவை பிறந்த இடத்திலிருந்து கடல்வரை பின்தொடர்வது என்று முடிவு.

சென்னைக்குக் குளிர்காலமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உண்டு. ஜனவரி விடியலில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும் அந்தச் சில வாரங்கள்தான், இந்த ஊரில் பகல் பதினொரு மணிவரை கால் சுடாமல் நடக்க முடிந்த நாட்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றிருக்கிறது. இந்த ஊர் தன் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வாங்கிக்கொள்கிறது. மார்கழியில் ஏரிகள் நிறைந்திருக்கும், உபரிநீர் போகும் கலங்கல் வழியும், கால்வாய் ஓடும். சித்திரையில் போனால் எது ஏரி, எது காலி மனை என்று தெரியாது. மார்கழியில் நிலம் தானே சொல்லிவிடும்.

ரயில் தந்த ஊர்

எந்தத் துளியைப் பின்தொடர்ந்தாலும் ரயிலில்தான் தொடங்க வேண்டும். தாம்பரத்தைப் புறநகராக்கியதே அந்த ரயில்தான். 1931 மே மாதம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதையில் எழுபது வருடத்துக்கும் மேல் ஓடி, 2004இல் அகலப்பாதைக்கு முழுமையாக மாறியது.

நிலையங்களின் பெயர்களிலேயே வரலாறு இருக்கிறது. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலை தந்த பெயர் குரோம்பேட்டை. டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை தந்த பெயர் தாம்பரம் சானடோரியம். மருந்து வராத அந்தக் காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சையே நல்ல காற்றும் ஓய்வும்தான். அப்படியொரு காற்று இங்கே இருந்தது என்பதற்கு அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையே சாட்சி. 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த மருத்துவமனை, இன்று நெஞ்சக நோய் அரசு மருத்துவமனையாக இயங்குகிறது.

அதே 1937இல்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுக் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்தது. அதன் 365 ஏக்கர் வளாகத்தில் பெரும்பகுதி இன்னும் புதர்க்காடாகவே இருக்கிறது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் இந்த வளாகத்தின் செடி கொடிகளை ஆராய்ந்து பேணினார்கள். தாம்பரத்து நிலம் வீடுகளுக்கு முன்னால் எப்படி இருந்தது என்று காட்ட ஊரில் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் இது ஒன்று. விழுந்த மழையைச் சருகும் மண்ணும் வாங்கி நிறுத்திவைக்கும். அடுத்த தெருவின் சிமென்ட் தளத்தில் அதே மழை நின்று யோசிப்பதில்லை, ஓடிவிடுகிறது.

மேற்குத் துளி

அடையாறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் பலர் செம்பரம்பாக்கம் ஏரி என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கூடுவாஞ்சேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோவும் நடையுமாக ஆதனூர் போனால் உண்மை தெரியும். ஆதனூர் ஏரிப் பக்கத்திலிருந்து புறப்படும் ஓடைதான், சுமார் 42 கிலோமீட்டர் ஓடி அடையாறு என்ற பெயரோடு கடலில் சேர்கிறது. பிறக்கும் இடத்தில் அதைத் தாண்டிக் குதித்துவிடலாம் போலிருக்கும்.

ஆதனூரிலிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று கரையோரமாக வந்தால் அகலம் கூடிக்கொண்டே போகும். சுற்றுப்பட்டு ஏரிகளின் உபரிநீரெல்லாம் இங்கேதான் வந்து விழுகிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாகி, இந்தக் கரையோரம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதி தண்ணீரில் நின்றது.

முடிச்சூரில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு பாட்டி?" என்று கேட்டேன். கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வாசற்கதவின் மேல்தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு மேல ஒரு சாண் இருக்கும் தம்பி. அரிசிப் பானை மிதந்து போச்சு." சொல்லிவிட்டு மறுபடி குனிந்து புள்ளி வைக்கத் தொடங்கினார்.

நடந்ததால் ஒரு விஷயம் புரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைக்குப் பக்கத்தில். முடிச்சூர் அதற்கு மேற்புறத்தில் இருக்கிறது. எனவே முடிச்சூரை மூழ்கடித்தது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இல்லை. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, போக வழியில்லாமல் ஊருக்குள் வந்த தண்ணீர் அது. ஆற்றின் போக்கோடு ஒருமுறை நடந்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

திருநீர்மலைக்குப் போனபோது இன்னொரு வாசல் திறந்தது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இந்தத் தலத்தில் பெருமாளுக்கு நான்கு கோலங்கள். அடிவாரத்தில் நீர்வண்ணராக நின்ற கோலம். மலைமேல் நரசிம்மராக இருந்த கோலம், அரங்கநாதராகக் கிடந்த கோலம், உலகளந்தவராக நடந்த கோலம். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்திருந்ததாம். வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்கிறது தலவரலாறு. ஊர்ப் பெயரிலும் நீர், சாமியின் பெயரிலும் நீர். இந்தச் சமவெளி மழைக்காலத்தில் தண்ணீருக்குச் சொந்தம் என்பதை முன்னோர் கோயில் கதையாகவே எழுதி வைத்துவிட்டார்கள். மலையுச்சியில் நின்று பார்த்தால், ஏரியும் ஆறும் வீடுகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடப்பது தெரிகிறது.

அடுத்து அனகாபுத்தூர். ஒரு காலத்தில் 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற கட்டம்போட்ட துணியை நெய்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய ஊர். அந்த வியாபாரம் நின்றபின் தறிகள் குறைந்துவிட்டன. மிஞ்சிய நெசவாளர்கள் வாழைநார் கலந்து சேலை நெய்து பெயர் வாங்கினார்கள். ஆற்றோரத் தெருக்களில் தறிச் சத்தம் எங்கோ ஒன்றிரண்டு வீட்டிலிருந்துதான் வருகிறது. வந்தால் நின்று கேளுங்கள்.

அதற்கு அப்பால் ஆற்றைத் தொடர்ந்து நடக்க முடியாது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றுக்கு மேலேயே பாலமாகப் போகிறது. மறுபடி ரயிலைப் பிடித்தேன். கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே ரயில் ஆற்றைக் கடக்கும்போது சன்னலோரம் திரும்பிப் பார்த்தால், ஆதனூரில் குதித்துத் தாண்டியிருக்கக்கூடிய ஓடை அகன்ற ஆறாகி நிற்கிறது. இன்னொரு நாள் 21ஜி பேருந்தில் ஏறி, திரு.வி.க. பாலத்தின்மேல் நின்ற நெரிசலில் அதன் முகத்துவாரப் பரப்பைப் பார்த்தேன். கடைசி நடை பெசன்ட் நகரிலிருந்து ஊரூர் குப்பம் வழியாக. 1967இல் மீனவ மக்கள் ஆற்றைக் கடக்கக் கட்டி, 1977இல் வெள்ளத்தில் உடைந்த பாலம் அங்கே பாதியில் நிற்கிறது. மழை வெள்ளம் திறந்துவிட்ட முகத்துவாரத்தைத் தை மாதத்தில் அலைகள் மணல் கொண்டுவந்து மெல்ல மூடத் தொடங்குகின்றன. மேற்குத் துளியின் பயணம் அந்த மணல் திட்டோடு முடிந்தது.

நடுவே ஒரு கல்

இரண்டு துளிகளையும் பிரித்துவிடுவது எது? தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை, ஏறக்குறைய ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் போகும் வரிசையில் இருக்கும் மேடும் மலைகளும்தான். அந்த வரிசையைத் தேடி, முதலில் பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தைக்குப் போனேன். பழைய கதவு, பழுதான கேமரா, ரோஜாப்பதியன், தையல் இயந்திரத்து உதிரிபாகம் என்று எதைத் தேடினாலும் கிடைக்கிறது. ஆனால் பல்லாவரத்திலேயே மிகப் பழைய பொருள் கிடைத்தது 1863 மே 30ஆம் தேதி. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், இங்கே சரளை மண்ணிலிருந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதல் சான்றாக அறியப்பட்டது அதுதான். அவர் சேகரித்த தொல்பொருட்களைச் சென்னை அருங்காட்சியகம் பின்னர் வாங்கியது. இதே ரயிலில் எழும்பூரில் இறங்கினால் அந்த அருங்காட்சியகம்.

பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைப் பாறைக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான். அதைக்கொண்டு நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். இன்று உலகின் எந்த மூலையில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர். இந்தக் கல் தண்ணீரைக் குடிக்காது. மலைமேல் பெய்த மழை வழுக்கி இறங்கி அடிவாரத்துக்கு வந்துவிடும். அதனால்தான் மலையடிவாரங்களில் ஏரிகள் வெட்டி வைத்தார்கள்.

பரங்கிமலைப் படிகளில் ஏறி நின்றால் முழு நிலமும் கண்ணுக்குள் வரும். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் இங்கிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை 100 அடிச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. சித்திரை வைகாசி வெயிலில், சங்கிலி சுமந்து நடந்தவர்களின் கால்களை நினைத்துக்கொண்டேன். அந்த அடிக்கோட்டை வைத்தே இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்து, கடைசியில் எவரெஸ்ட்டின் உயரத்தையும் கணித்தார்கள். இந்தத் துணைக்கண்டத்தின் வரைபடம் நம் புறநகரில் எடுத்து வைத்த காலடிகளில் தொடங்கியது.

கிழக்குத் துளி

கிழக்குத் துளியின் வழி இன்னும் நுட்பமானது. சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் படிப்படியாக இறங்குகின்றன. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்ததற்கு. கடைசியாகப் பள்ளிக்கரணைக் கழுவெளி என்ற சதுப்பு. இந்த ஏரிச் சங்கிலியை வடிவமைத்தவர்களிடம் விமானத்திலிருந்து எடுத்த படம் கிடையாது. நடந்து பார்த்து, தண்ணீர் எங்கே சாய்கிறது என்று கண்டு, கரை போட்டார்கள்.

இரண்டு நாட்களில் இந்தச் சங்கிலியை நடந்து முடித்தேன். சிட்லபாக்கத்தில் குடியிருப்பவர்கள் வருடக்கணக்கில் போராடி, தாங்களே இறங்கிக் குப்பை அள்ளி, ஏரியைச் சீரமைக்க வைத்தார்கள். செம்பாக்கம் ஏரியும் தூர்வாரிச் சீரமைக்கப்பட்டது. காலை நேரத்தில் அந்தக் கரைகளில் நடப்பவர்களைப் பார்த்தால், ஓர் ஏரிக்கு உண்மையான காவல் எது என்று தெரியும். தினமும் அதைச் சுற்றி நடக்கும் நூறு பேர்தான். அவர்கள் கண் முன்னே ஒரு லாரி மண் கொட்ட முடியாது. ஏரிகளுக்கு நடுவே போக்குக்கால்வாய் சில இடங்களில் சுவருக்கும் சுவருக்கும் இடையே முழ அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. சில இடங்களில் அது தெருவுக்கு அடியில் மறைந்து, எங்கே போனது என்று தேட வைத்தது.

வழி விலகி மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கும் போய்வந்தேன். யானையின் பின்புறம்போல் வளைந்த விமானம் கொண்ட சோழர் காலக் கோயில். மார்கழிப் பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், இந்த ஊருக்கும் ஓர் ஏரி இருக்கிறது.

பள்ளிக்கரணையில் துளி ஓய்வெடுக்கிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழை இங்கேதான் வடிகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த கழுவெளி, குப்பைமேட்டுக்கும் சாலைக்கும் கட்டடங்களுக்கும் இடம் கொடுத்துச் சுருங்கியது. மிஞ்சியதில் 1,247.54 ஹெக்டேர் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இந்தச் சதுப்பைப் பல்லாண்டு ஆராய்ந்து, அதற்காக வாதாடிய ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025இல் ராம்சார் விருது கிடைத்தது.

துரைப்பாக்கம் ரேடியல் சாலையின் ஓரத்தில் தை மாதக் காலையில் நின்றால், ஒரு பக்கம் மென்பொருள் நிறுவனப் பேருந்துகள் வரிசை, மறுபக்கம் பூநாரைகள் வரிசை. கூழைக்கடா, சங்குவளை நாரை, ஊசிவால் வாத்து, தாமரையிலைமேல் நடக்கும் இலைக்கோழி. இவற்றில் சில, கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வந்தவை. பேருந்து நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்ற பள்ளிச் சிறுமி, "அங்கிள், அது ஃபிளமிங்கோ" என்று சொல்லித் தந்தாள். தினமும் அந்த நிறுத்தத்தில் நிற்பதால் அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

கடல்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போகும் 99ஆம் எண் பேருந்து, கிட்டத்தட்ட துளியின் திசையிலேயே கடலை நோக்கிப் போகிறது. லாம்ப்டனின் கோடு முடிந்த பெரும்பாக்கமும் அந்த வழியில்தான். சோழிங்கநல்லூரில் இறங்கி, ஓ.எம்.ஆரில் வடக்கே காரப்பாக்கம் தாண்டினால் ஒக்கியம் மடுவு. கழுவெளித் தண்ணீர் தெற்கே வெளியேறும் முதன்மையான வாசல் இந்த ஒரு மடுவுதான். சாலையில் பறக்கும் வண்டிகள் எதற்கும் பாலம் வந்ததே தெரிவதில்லை. பாலத்தில் நடந்தவருக்குத் தெரியும், எத்தனை ஊரின் நிம்மதி அதன் அகலத்தில் இருக்கிறது என்று.

மடுவிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய். அதன் வழியே முட்டுக்காட்டுக் கழிமுகம். பிறகு கோவளம். 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரைக்குப் பக்கத்திலேயே, தாம்பரத்துக் கிழக்குத் துளி உப்போடு கலக்கிறது.

கடலோரத்தில் இன்னொரு நடையும் நடக்கிறது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள் 1988இலிருந்து, ஜனவரி தொடங்கி நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு முழுவதும் மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவந்து காக்கிறார்கள். 2025 ஜனவரியில் தமிழகக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, இங்கே கணக்கு வைத்திருந்தது இந்தக் கால்களே. நகர விளக்குகளின் வெளிச்சத்தில் திசை தவறும் குஞ்சுகளை அவர்கள் கடல் பக்கம் விடும் காட்சியைப் பார்த்தபின், என் நடை எனக்குச் சிறியதாகத் தெரிந்தது.

காலுக்கு ஒரு வழி

இரண்டு மாதத்தில் என்னை வாட்டியது தூரம் இல்லை, பாதை. நடைபாதை திடீரென்று முடிந்து சாக்கடை மூடியின்மேல் நிற்க வைக்கும். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க உயிரைக் கையில் பிடித்து நிற்க வேண்டும். ரயிலிலிருந்து இறங்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் இது அன்றாடம். 2014இல் சென்னை மாநகராட்சி, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2021இல் பிறந்த தாம்பரம் மாநகராட்சியின் எழுபது வார்டுகளுக்கும் அதே உறுதி வேண்டும். ஏரிக்கரைகளையும் போக்குக்கால்வாய் ஓரங்களையும் இணைத்து நடைபாதை அமைத்தால், ஆக்கிரமிப்பைத் தடுக்க வேறு வேலி தேவைப்படாது.

நீங்களும் கிளம்பலாம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் சாதாரணக் கட்டணம் பத்து ரூபாய். சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் போதும். முதல் நடைக்குச் சிட்லபாக்கத்திலிருந்து செம்பாக்கம் நல்லது. மலை ஏற ஆசையென்றால் திருநீர்மலை. கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்கு முன்கூட்டி அனுமதி கேட்டுப் போங்கள்.

வரும் மார்கழியில் ஒரே ஒரு காலை உங்கள் வாசலில் நின்று, பெய்த மழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அதன் பின்னால் நடங்கள். உங்கள் தெருத் தண்ணீர் போய்ச் சேரும் ஏரியின் பெயரையும், அதன் கலங்கல் எங்கே இருக்கிறது என்பதையும் உங்கள் பிள்ளைக்குக் காட்டுங்கள். அடுத்த மழைக்கு முன் அந்த வழி திறந்திருக்கிறதா என்று கேட்க, அந்த வழியில் நடந்தவர்களுக்கே முதல் உரிமை.